தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவும்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நம் ஆபீஸ் மென்பொருளில் பக்கத்தைப் படமாக எடுக்கும் கருவியின் விளக்கக் குறிப்பில் 'பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவும்' என்று ஒரு வரி இருக்கிறதாம். அது தெரியாமல் வந்துவிட்டதா, எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார். வேலையில் இருந்தபோது இந்த மரியாதையில் கால்வாசி கிடைத்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக உழைத்திருப்பேன்.

எடு, எடுக்காதே என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். எனக்குக் கை வரவில்லை. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நீங்கள் அதை எடுக்கவும் கூடாது, சாமி படம் மாதிரி தொடாமல் வைத்திருக்கவும் கூடாது. அதனால் ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, இரும்புலியூர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்தே வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கம்பெனி அப்போது தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பதுதான் அன்றும் தொழில். நான் மெய்ப்புப் பிரிவில் சேர்ந்தேன். அமைத்து வந்த பக்கங்களை அச்சுக்குப் போகுமுன் படித்துத் திருத்துவது எங்கள் வேலை. எலெக்ட்ரிக் ட்ரெயின் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும், நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். கிறிஸ்துமஸ் வாரத்தில் என் வீட்டுக் கேக், பொங்கலுக்கு மற்றவர்கள் கொண்டுவரும் கரும்பு, தினமும் யாராவது ஒருவருடைய எலுமிச்சை சாதம் என்று நாங்கள் படித்த பக்கங்களில் எல்லாம் ஏதாவது ஒரு வாசனை இருக்கும்.

என் எதிர் மேஜையில் ஒருத்தி இருந்தாள். பெயரைப் போட்டால் போன் போட்டுக் கிழிப்பாள், அதனால் பெயர் வேண்டாம். என்னைவிடச் சின்னவள், எனக்குப் பிறகு சேர்ந்தவள், எங்கள் இருவருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பக்கம் வந்தாலும் முதலில் தலைகீழாகத் திருப்பி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். ஒரு எழுத்தும் படிக்க மாட்டாள். அப்புறம்தான் நேராக்கிப் படிப்பாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவளா? பக்கத்துக்குச் சிரசாசனம் முடிந்ததா என்று தினமும் கேட்பேன். ஒரு நாள் அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"படிக்க ஆரம்பிச்சா கண்ணு பாக்கறத நிறுத்திடும், ஸ்டெல்லா. மொதல்ல பாரு, அப்புறம் படி."

அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவள் டீ குடிக்கப் போனதும் ஒரு பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து எழுத்தாகத் தெரியாமல் வெறும் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிந்தது. ஒரு பத்தியின் நடுவில், வார்த்தைகளுக்கு இடையே விட்ட இடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து, வெள்ளை குழாய் ஒழுகின மாதிரி மேலிருந்து கீழாக இறங்கியிருந்தது. அதே பக்கத்தை நான் அதற்குமுன் முழுசாகப் படித்து முடித்திருந்தேன், அது என் கண்ணில் பட்டிருக்கவே இல்லை. கொஞ்ச நாளில் எங்கள் பிரிவு முழுக்க அதைச் செய்ய ஆரம்பித்தது. புதிதாக வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களும் திருப்புவார்கள். யாரும் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதி வைப்பார்களா?

பிறகு காலம் மாறியது, மெய்ப்புப் பிரிவை மூடினார்கள். அவள் மகன் வீட்டோடு மேடவாக்கம் போய்விட்டாள். தமிழும் ஆங்கிலமும் கோர்வையாக எழுத வரும் என்று என்னை மட்டும் வைத்துக்கொண்டு புது வேலையில் போட்டார்கள். நீங்கள் இப்போது செய்கிற அதே வேலை. பக்கம் அமைக்கும் மென்பொருளுக்குள் ஏஜென்ட் வந்துவிட்டது. ஏஜென்ட் என்றால் இன்ஷூரன்ஸ் பிடிக்கிற ஆளைத்தான் அதுவரை எனக்குத் தெரியும். இது நாம் சொன்ன வேலையைத் தானே யோசித்து, நாம் கொடுக்கும் சின்னச் சின்னக் கருவிகளை எடுத்துச் செய்து முடிக்கிற செயற்கை அறிவு. எந்தக் கருவி எதற்கு, எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு குறிப்பு எழுத வேண்டும். நம் தொழிலைப் பற்றி அதற்குத் தெரிவது பெரும்பாலும் அந்தக் குறிப்புதான்.

ஏஜென்ட், எள் என்றால் எண்ணெயாக நிற்கும் என்பார்களே, அந்த ரகம். நமக்கு வேண்டியது எள்தான் என்றால் அதை நாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கருவிக்கு 'பயன்படாத வெற்றுப் பக்கங்களை நீக்கும்' என்று எழுதியிருந்தோம். எங்கள் ஏஜென்ட் ஒரு நாவலில் வெற்றாக இருந்த பக்கங்களை எல்லாம் சமர்த்தாக நீக்கிவிட்டது. ஒவ்வொரு அத்தியாயமும் வலது பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட பக்கங்கள் அவை. பாதி அத்தியாயங்கள் இடது பக்கத்துக்கு ஓடிப்போயின. நல்லவேளையாக உடனே பார்த்துவிட்டோம், வயிறு வலிக்கச் சிரித்தோம். காலியாக இருப்பதெல்லாம் பயன்படாதது இல்லை என்று குறிப்பைத் திருத்தினோம். அடுத்த முறை சிரிக்கும்படியாக இல்லை.

பீர்க்கன்கரணைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவ மையத்தில் வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் ஒரு கையேடு எழுதிக்கொண்டு வந்தார். நாங்கள் அவரை சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். வீட்டில் குழந்தைக்கு மருந்து கொடுப்பது எப்படி என்று தாய்மார்களுக்காக எழுதியது. நிறைய அட்டவணைகள். வயது, மருந்து, அளவு. சில மருந்துகளில் மட்டும் அளவுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு வரி இருக்கும், 'ஆறு மணி நேரம் ஆகாமல் மறுபடி கொடுக்கக் கூடாது' என்பதுபோல. கையெழுத்துப் பிரதியைக் கொடுக்க வந்த அன்று, டீ ஆறிப்போகிற வரைக்கும் அவர் அந்த வரியைப் பற்றித்தான் பேசினார். அவர் பகுதியில் ஒரு வீட்டில் அம்மா காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போக, அது தெரியாமல் மாமியார் மறுபடி கொடுக்க, அப்புறம் சாயங்காலம் வந்த அப்பாவும் கொடுக்க, குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டதாம். குழந்தை பிழைத்துவிட்டது. சிஸ்டருக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

"எவ்ளோ குடுக்கணும்னு பாட்டில்லயே போட்டிருக்கு மேடம். அதுக்குக் கீழ நான் எழுதியிருக்கேன் பாருங்க, அந்த வரிக்காகத்தான் இந்தப் புஸ்தகமே."

அந்தக் கையேட்டை அமைத்தது ஏஜென்ட்தான். கூட இருந்து பார்த்துக்கொண்டவன் அருள், உங்களைப்போல அப்போது புதிதாகச் சேர்ந்தவன், கருவிக் குறிப்புகள் எழுதுவதில் கெட்டிக்காரன். அட்டவணைகள் ஒன்றுபோல இல்லை, பார்க்க லட்சணமாக இல்லை என்று கடைசி நேரத்தில் மேனேஜருக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கச் சொன்னார். அதற்கு ஒரு கருவி இருந்தது. அருள் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: 'அட்டவணையின் எல்லா வரிசைகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும். முடிந்ததும் எழுத்து எதுவும் விடுபடவில்லை என்று உறுதி செய்யவும்.' ஏஜென்ட் அப்படியே செய்தது. எழுத்து எதுவும் விடுபடவில்லை என்று அறிக்கையும் கொடுத்தது. மேனேஜர் முகத்தில் கல்யாணக் களை.

மத்தியானம் அருள் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். மெய்ப்புப் பிரிவு இல்லாத ஆபீஸில் சரி என்று கையெழுத்துப் போட ஏதாவது ஒரு பழைய கை வேண்டுமே, அது என் கைதான். படித்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லை. பேனாவைத் திறந்தும் விட்டேன். அதற்குள் டீ வந்தது. ஒரு கையில் டம்ளரை வைத்துக்கொண்டு, இன்னொரு கை தானாகவே ஒரு பக்கத்தைத் திருப்பித் தூரமாகப் பிடித்தது. அவளுடைய பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அட்டவணை பரீட்சை ஹாலில் பெஞ்சு போட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே அளவு கறுப்பு, ஒரே அளவு வெள்ளை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், அதுவும் அப்படியே. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அழகுதான் எனக்கு உதைத்தது. தமிழ் வார்த்தை நீளமானது. தமிழில் அட்டவணை போட்டால் எங்காவது ஒரு கட்டத்திலாவது எழுத்து இரண்டாவது வரிக்கு இறங்கியே தீரும். ஒரு அட்டவணை முழுக்க ஒற்றை வரியில் அடங்கிக் கிடந்த தமிழை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மேனேஜரிடம் போய் அனுப்ப வேண்டாம் என்றேன். என்ன தப்பு என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் நல்ல மனிதர், கத்தவில்லை. எந்த எழுத்து தப்பு என்று காட்டுங்கள், இந்த நிமிஷமே நிறுத்துகிறேன் என்றார். அந்த வார இறுதியில் மருத்துவ முகாம், அங்கேதான் கையேட்டைக் கொடுக்கப் போகிறார்கள், இன்று அச்சேறவில்லை என்றால் புத்தகம் இல்லாமல் முகாம் நடக்கும். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதற்குள் அச்சகத்திலிருந்து போன் வந்தது. அவர் என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"இன்னா மேடம், மிஷினு சும்மா நின்னுகினு கீது. இன்னா தப்புன்னே தெரியாம நிறுத்துன்னா எப்டி? பேஜாராக்கீது."

கொஞ்சம் பொறுங்கள் என்று போனை வைத்தேன். நீங்களும் ஒரு நாள் இப்படி நிற்பீர்கள். எல்லாச் சோதனையும் சரி என்று சொல்லும், கையில் ஆதாரம் என்று ஒன்றும் இருக்காது, மனசு மட்டும் வேண்டாம் என்று சொல்லும். அப்போது வெட்கப்படாமல் 'தெரியவில்லை, ஆனால் அனுப்பாதீர்கள்' என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் பொய்யாகிப்போனால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதானே.

அருளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு எழுத்தும் போகவில்லை, வேண்டுமானால் பாருங்கள் என்று கோப்பில் தேடிக் காட்டினான். சிஸ்டர் டீயை ஆறவிட்டுப் பேசியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'ஆறு மணி நேரம் ஆகாமல்' என்று தேடச் சொன்னேன். உடனே கிடைத்தது. இதோ இருக்கிறதே என்று திரையைக் காட்டினான். நான் அச்செடுத்த தாளை அவன் முன்னால் வைத்தேன்.

"இருக்குல்ல? இந்தத் தாள்ல அது எங்க இருக்கு, அருள்? வெரல வெச்சுக் காட்டு."

அவன் விரலைக் கொண்டுபோனான். காய்ச்சல் மருந்து வரிசையில் வைத்தான், அங்கே அளவு மட்டும் இருந்தது. கீழே நகர்த்தினான், அடுத்த மருந்து வந்துவிட்டது. மறுபடி மேலே போனான். விரல் அந்தத் தாளில் இறங்க இடமில்லாமல் அலைந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மேனேஜர் எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றார்.

நடந்தது இதுதான். எல்லா வரிசையும் ஒரே உயரம் என்றதும் கட்டங்கள் ஒற்றை வரி உயரத்துக்குச் சுருங்கிவிட்டன. இரண்டாவது வரி கட்டத்துக்கு அடியில் போய் மறைந்துகொண்டது. கோப்பில் அது பத்திரமாக இருந்தது, தாளில் இல்லை. சிஸ்டர் எந்த வரிக்காகப் புத்தகம் எழுதினாரோ, அந்த வரி ஒரு அட்டவணையிலும் இல்லை. இது அச்சாகியிருந்தால் தாய்மார்கள் அளவை மட்டும் படித்துவிட்டு, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்ற தைரியத்தோடு மருந்தைக் கொடுத்திருப்பார்கள். கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும்.

வரிசைகளைப் பழையபடி விட்டோம், அட்டவணைகள் கோணலும் மாணலுமாகத் திரும்பி வந்தன, அவ்வளவு அழகான கோணலை நான் பார்த்ததில்லை. சிஸ்டருக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே கிளம்பி வந்தார். ஒவ்வொரு அட்டவணையிலும் ஒவ்வொரு இரண்டாவது வரியிலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அச்சகக்காரர் திட்டிக்கொண்டேதான் வாங்கினார், முகாமுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு யார் மேல் தப்பு என்று ஆரம்பித்தார்கள். ஏஜென்ட் பொய் சொல்லிவிட்டது என்று ஒருவர், அருள் அஜாக்கிரதை என்று ஒருவர். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஏஜென்ட் எங்கே பொய் சொன்னது? எழுத்து விடுபட்டதா என்று பார்க்கச் சொன்னோம், கோப்பில் பார்த்தது, விடுபடவில்லை, சொன்னது. அருள் எழுதின குறிப்பை நம் தொழிலில் யார் படித்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள், நானும் படித்துவிட்டுச் சரி என்றவள்தான். ஏனென்றால் எழுத்து என்றால் எங்களுக்குத் தாளில் கண்ணுக்குத் தெரிவதுதான். தாளில் தெரிகிறதா பார் என்று ஒரு மனிதருக்கு நாங்கள் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. தாளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. அன்று நான் பேசிய பேச்சில் மேனேஜரே என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அருள் வேலையில் நீடித்தான்.

மறுநாள் அவனும் நானும் குறிப்பைத் திருத்த உட்கார்ந்தோம். பக்கத்தைப் படமாக எடுத்துப் பார்க்கவும் என்று அவன் சேர்த்தான். அந்தப் படமெடுக்கும் கருவியின் குறிப்புக்கு ஒரு வரியை நான் சொன்னேன்: 'பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவும். படிக்க வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று பார்க்கவும்.' அந்த விவகாரத்துக்குப் பிறகு அருள் முதல்முறையாகச் சிரித்தான்.

"திருப்பறதுக்கு அதுக்குக் கழுத்தே இல்லியே மேடம்."

இருந்தாலும் முயன்று பார்த்தான். அதே பழுதான பக்கத்தின் படத்தை நேராகக் கொடுத்தபோது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றது ஏஜென்ட். அந்த எச்சரிக்கை வரி தெரிகிறது என்றுகூடச் சொன்னது. கோப்பில் படித்தது நினைவில் இருந்ததால் கண்ணிலும் இருப்பதாக எண்ணிக்கொண்டது போலிருக்கிறது, நாமும் அப்படித்தானே? திருப்பிக் கொடுத்ததும் பதில் மாறியது. 'சில கட்டங்களில் இரண்டு வரி இருக்க வேண்டும். படத்தில் எல்லாக் கட்டங்களிலும் ஒரு வரியின் கறுப்புதான் இருக்கிறது' என்றது. ஏன் அப்படி என்று அருள் ஏதோ விளக்கம் சொன்னான், அது சரியா என்று எனக்குத் தெரியாது. நான் பாத்ரூமுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் மேஜைகளை விற்றாகிவிட்டது, அந்த மாடியில் இப்போது டியூஷன் சென்டர், அவளை ஆபீஸில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவள் பழக்கம் மட்டும் அருளின் திரையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வரியால் ஏஜென்ட் கூடுதல் நேரம் எடுக்கிறது என்றும், புது ஏஜென்டுகளுக்குப் பார்வை கூர்மை, திருப்பாமலே பிடித்துவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். அதை உங்களோடு வாதாட எனக்கு அறிவு பத்தாது. அதனால் அந்தப் பழக்கத்தின் உரிமைக்காரியிடமே கேட்டுவிடலாம் என்று மேடவாக்கம் போனேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கீழே தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது, அந்தக் காலத்து ட்ரெயினுக்கு நிறுத்தின மாதிரியே பேச்சை நிறுத்தி நிறுத்தி முழுக் கதையையும் சொன்னேன். சிஸ்டர், அச்சகம், அருளின் விரல், எல்லாம். சிரசாசனம் என்று கேலி செய்த என் வாயாலேயே இதைக் கேட்கிறாளே, கொஞ்சமாவது பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. புது ஏஜென்ட் திருப்பாமலே சரியா தப்பா என்று சொல்லிவிடுமாம், இந்த வரி இனி வேண்டுமா என்று கேட்டேன்.

"சரின்னு சொல்றது இருக்கட்டும். பாத்துட்டுச் சொல்லுதா, படிச்சுட்டுச் சொல்லுதா?"

அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பழுதான ஒரு பக்கத்தைத் திருப்பாமல் அதனிடம் கொடுத்து, வரி எந்த இடத்தில் காணாமல் போயிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காட்டிவிட்டால் குறிப்பில் திருப்பச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள், அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.